எந்த உயரத்தில் ஆரம்பித்தது?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைத் திட்டி எழுதுவது சுலபம், கைதட்டலுக்கும் குறைவிருக்காது. ஒரு டிபிஏ அலுவலகத்தின், அதாவது காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகக் கிளெயிம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை நிறுவனத்தின், கிளெயிம் மேஜையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண் கேட்டது அவ்வளவு சரியான கேள்வி. "சார், சிம்ப்டம்ஸ் எந்த உயரத்தில் ஆரம்பித்தது?" குரலில் அலட்சியம் இல்லை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் கேட்கப்பட்ட இடம் நேபாளத்தின் கும்புப் பகுதியில் இருக்கும் பெரிச்சே, கடல்மட்டத்திலிருந்து 4,371 மீட்டர். பதில் சொல்ல வேண்டியவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கம்பெனி மீது கோபமா என்றால் இல்லை. கோபப்பட ஆள் கிடைக்காததுதான் எரிச்சல்.

படுத்திருந்தவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், தினமும் நடக்கிறவர், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நோக்கி நடந்த எங்கள் கூட்டத்தில், வழியில் வரும் நாம்சே பஜார் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியவர் அவர் ஒருவர்தான். நடையைத் திட்டமிட்டதில் அவசரமும் இருக்கவில்லை. நாம்சேயில் ஒரு நாள் கூடுதல், டிங்போச்சேயில் ஒரு நாள் கூடுதல். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்ற விதியை ஏறக்குறைய அப்படியே கடைப்பிடித்தோம். இருந்தும் அவருக்குத்தான் வந்தது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய், உடற்பயிற்சிச் சான்றிதழ் பார்த்து வருவதில்லை.

யாரும் கேட்காத பாலிசி

ஐரோப்பா போகிற நம்மவர்கள் பயணக் காப்பீடு எடுப்பது நோய்க்குப் பயந்து அல்ல. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் கவரேஜ் காட்டியாக வேண்டும், அதனால் எடுக்கிறோம். விசா கிடைத்ததும் அந்தக் காகிதம் ஃபைலுக்குள் போய்விடும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே தேவையில்லை. வாக்காளர் அட்டையைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். எனவே இன்ஷூரன்ஸ் எங்கே என்று வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். மலையேற்ற ஏஜென்சியின் ஃபாரத்தில் பாலிசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். எண் இருந்தால் போதும், அந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும் என்பதை அந்த ஃபாரம் கேட்காது.

ஆபீஸ் மெடிக்ளைம் இருக்கிறதே என்பவர்கள் இன்னொரு ரகம். நம் ஊர் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை இந்திய எல்லையோடு முடிந்துவிடுகின்றன. காத்மாண்டு பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும் பாலிசிக்கு அது வெளிநாடுதான். லடாக் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சாகச விளையாட்டு விலக்குக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகம், தொழில்முறையாக அதில் ஈடுபடுகிறவர்களைத்தான் குறிக்கிறது. ஆகவே லே ஆஸ்பத்திரியில் படுத்தால் மெடிக்ளைம் கைகொடுக்க வாய்ப்புண்டு. ஆனால் ஏதோ ஒரு பள்ளத்தாக்கிலிருந்து லே வரை கொண்டுவந்து சேர்க்கிற செலவு வேறு கணக்கு. மலைப் பிரதேசத்தில் பெரிய தொகை அதில்தான் போகிறது, வைத்தியத்தில் இல்லை.

அண்ணன் விமான டிக்கெட் போடும்போதே, பணம் கட்டும் பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் டிக் அடித்துப் பாலிசி எடுத்திருந்தார். சில நூறு ரூபாய். மருத்துவச் செலவுக்குப் பல லட்சம் என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கூடவே வந்த பிடிஎஃப் கோப்பில் எங்கோ உள்ளே, மலை நடை 4,500 மீட்டர் உயரம் வரை மட்டும் என்று ஒரு வரி. பேஸ் கேம்ப் இருப்பது 5,364 மீட்டரில். அந்தப் பாலிசி கடைசி இரண்டு நாள் நடைக்கு முன்பே, சொல்லாமல் கொள்ளாமல், எங்களை விட்டுக் கழன்றுகொண்டது.

லொபுச்சே இரவு

லொபுச்சே 4,940 மீட்டர். ஊர் என்று சொல்ல முடியாது, நாலைந்து லாட்ஜ்கள்தான். சாப்பாட்டு அறையின் நடுவில் யாக் வரட்டி எரியும் அடுப்பு, அதைச் சுற்றி ஈரக் காலுறைகள், எல்லா நாட்டு இருமலும். கும்பு இருமல் என்றே அதற்குப் பெயர் உண்டு. குளிர்ந்த வறண்ட காற்று தொண்டையைத் தேய்த்துவிடும். எல்லாரும் இருமுகிற இடத்தில் ஒருவர் இருமல் மட்டும் மாறியிருப்பதை யார் கவனிப்பது? கவனித்தவர் எங்கள் கைடு. அண்ணன் தட்டில் தால் பாத் அப்படியே இருந்தது. படுக்கப் போனவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். முதுகில் காதை வைத்துக் கேட்டபோது கீழ்ப்பகுதியில் கொறகொறவென்று சத்தம். நடக்கவில்லை, பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை யாரோ எடுத்தார்கள். 61 காட்டியது. அந்த உயரத்தில் எண்பதை ஒட்டி இருந்தாலே யாரும் கவலைப்படமாட்டார்கள், ஆனால் 61 வேறு. "கை சில்லுன்னு இருக்கு தம்பி, அதான் தப்பா காட்டுது" என்று சிரித்தார் அண்ணன். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தோம். அதே எண். கைடு அவரை எழுந்து, குதிகாலை விரல் நுனியில் ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்துவிட்டார். அதாவது மூளை வீங்கவில்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் கொல்லும். இரண்டுக்கும் மருந்து முதலில் இறக்கம்தான், ஆக்சிஜனும் மாத்திரையும் அதற்குத் துணை.

காற்றில் ஆக்சிஜன் சென்னையிலும் 21 சதவீதம்தான், எவரெஸ்ட்டிலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைகிறது. பேஸ் கேம்ப்பில் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. சில உடல்களில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இதற்குப் பதறிப்போய் அளவுக்கு மீறிச் சுருங்க, அழுத்தம் ஏறி, நீர் கசிந்து காற்றறைகளுக்குள் வந்துவிடுகிறது. இரவில் தூங்கும்போது மூச்சு இன்னும் ஆழமில்லாமல் போவதால் நிலைமை மோசமாகும். மாலையில் சுமாராக இருந்தவர் விடியற்காலையில் இல்லாமல் போனார் என்பது அங்கே புதுக்கதை அல்ல.

கைடு ஒரே வார்த்தையில் நின்றார். இறங்க வேண்டும், இப்போதே. அப்போது அண்ணன் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல தம்பி. விடியட்டும், ஹெலிகாப்டர்ல போயிடலாம். ராத்திரி நேரத்துல இவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்?" சோம்பலோ பயமோ இல்லை, தன்னைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிற சுமைக்காரர்களை நினைத்துச் சொன்னார். பாலிசி அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு இரவு பொறுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை. கையில் ஒன்றும் இல்லாதவர் என்றால் வேறு வழியில்லை என்று அப்போதே கிளம்பியிருப்பார். பாலிசி இருக்கிறது என்று நம்பியவருக்குக் காத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் அந்த உயரத்தில் செல்லாத பாலிசியை நம்பி.

கும்புவில் ஹெலிகாப்டர்கள் இருட்டில் பறப்பதில்லை. விமானி கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பள்ளத்தாக்கு அது. காலையில் வானம் திறந்திருக்கும், மதியத்துக்குள் மேகம் மேலே ஏறி வந்துவிடும். கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் தூக்கும் எடையும் குறையும். பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப் மாதிரி இடங்களிலிருந்து ஓரிருவரை மட்டும் ஏற்றிக் கீழே ஓரிடத்தில் இறக்கி, மறுபடி வந்து மிச்சப்பேரை எடுப்பார்கள். 2005 மே மாதம் பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கிக் காட்டினார், உண்மைதான். பயணிகள் ஏற்றாமல், எடையெல்லாம் குறைத்துச் செய்த சாதனை அது. கைடு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "ஹெலிகாப்டர் விடிந்தால் வரும். அதுவரை நீங்கள் இருக்க வேண்டும் இல்லையா?" என்றார். அண்ணன் எழுந்து ஷூ போட்டார்.

கொஞ்ச தூரம் நடந்தார், அப்புறம் முடியவில்லை. நாம்லோ என்கிற நெற்றிப்பட்டையை மாட்டி, சுமைக்காரர்கள் மூன்று பேர் மாறி மாறி முதுகில் சுமந்தார்கள். துக்லா மேட்டில், மலையில் செத்தவர்களுக்கு எழுப்பிய கல் நினைவிடங்களை ஹெட்லைட் வெளிச்சத்தில் தாண்டும்போது யாரும் பேசவில்லை. துக்லாவுக்குக் கீழே பாதை தட்டையாகும். பெரிச்சே மருத்துவ நிலையக் கதவைத் தட்டியபோது நடுநிசி தாண்டியிருந்தது. 1973-ல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துகிற நிலையம் அது. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும், மலையேறிகள் வரும் பருவங்களில், வெளிநாட்டுத் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்குகிறார்கள். ஆக்சிஜன் போட்டார்கள், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிப்பின் மருந்து கொடுத்தார்கள். விடிவதற்குள் ஆக்சிமீட்டரில் 84 வந்துவிட்டது. குழாயை எடுத்தால் மளமளவென்று இறங்கியது. இன்னும் கீழே போயாக வேண்டும், இந்த நிலையில் நடக்கவிட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

ஹெலிகாப்டர் கம்பெனி கேட்பது இரண்டில் ஒன்று. இன்ஷூரன்ஸிலிருந்து பணம் வரும் என்ற கியாரண்டிக் கடிதம், இல்லாவிட்டால் கிரெடிட் கார்டு. காத்மாண்டு வரைக்கும் 3,000 முதல் 5,000 டாலர் என்று அங்கே பொதுவாகப் பேசிக்கொள்வார்கள். பாலிசியில் போட்டிருந்த 1800 எண்ணை அடித்தால் போகவே இல்லை. நம் ஊர் டோல்ஃப்ரீ எண்கள் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது என்பதைக் கவனித்து, அந்த பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்த சாதாரண எண்ணைத் தேடி எடுத்தோம். லாட்ஜ் வைஃபையில் இணைப்பு கிடைத்துப் பேசியபோது அந்தப் பெண் பெயர், பாலிசி எண், பாஸ்போர்ட் எண் எல்லாம் வரிசையாகக் கேட்டார். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? பெரிச்சே. உயரம்? 4,371. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாலிசிக்குள் நிற்கிறோம். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

கைடு என்னைப் பார்த்தார். இந்தி புரிகிறவர் என்பதால் பேச்சின் போக்கு பிடிபட்டிருந்தது. பெரிச்சே என்று சொல்லுங்கள் என்று உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு வேறொன்று மனதில் ஓடியது. டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டின் முதல் வரியே லொபுச்சேயில் தொடங்கிய மூச்சிரைப்பு என்பதுதான். கிளெயிம் மேஜையில் ஃபைலைத் திறந்ததும் நாங்கள் முதலில் தேடுவது டிஸ்சார்ஜ் சம்மரியின் முடிவை அல்ல, நோய் வரலாறு என்ற முதல் பத்தியைத்தான். டியூட்டி டாக்டர் தூக்கக் கலக்கத்தில் 'பத்து வருஷமாகச் சர்க்கரை' என்று எழுதிவைத்த ஒரு வரிக்காகப் போன கிளெயிம்கள் எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் அண்ணன் குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனை வாங்கி, "லொபுச்சேம்மா. நேத்து சாயங்காலம்" என்று சொல்லிவிட்டார்.

4,500-க்கு மேலே தொடங்கிய நோய் என்பதால் கியாரண்டிக் கடிதம் இல்லை என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது கார்டுத் திருவிழா. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-க்குப் பிறகு வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்துவிட வேண்டும்; அண்ணன் கார்டில் அது மூடியே இருந்தது. திறக்க வங்கி ஆப்பில் நுழைய வேண்டும். ஆப் அவருடைய இந்திய சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னது. சிம்மில் சிக்னல் இல்லை. திண்டுக்கல்லில் அண்ணியை எழுப்பி, மருமகனை எழுப்பி, கடைசியில் எங்களில் மூன்று பேர் கார்டில் துண்டு துண்டாகத் தேய்த்து ஒப்பேற்றினோம். ஹெலிகாப்டர் வந்தது. காத்மாண்டுவில் சில நாள் ஆஸ்பத்திரி. இப்போது கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார், நலம். கிளெயிம் நிராகரிப்புக் கடிதம் முறைப்படி வந்தது. சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் கேஸ் நிற்காது என்று நான்தான் சொன்னேன். ஷரத்து அச்சடித்து இருக்கிறது, பாலிசியோடு அனுப்பியிருக்கிறார்கள், நோய் அந்த எல்லைக்கு மேலே தொடங்கியிருக்கிறது. என் பழைய மேஜைக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மீட்டர் எதை அளக்கிறது

அப்படியென்றால் எனக்கு என்னதான் உறுத்தல்? அந்த 4,500 என்ற எண்தான். நடக்கிறவர்களையும் கயிறு கட்டி ஏறுகிற மலையேறிகளையும் பிரிக்க ஒரு கோடு வேண்டும். மீட்டர் சுலபமான கோடு, யாரும் வாதாட முடியாது. பிரீமியம் கணக்கிடுகிறவருக்கு அது போதும். உடம்புக்குப் போதாது. உயர நோய் 2,500 மீட்டர் வாக்கிலேயே தொடங்கக்கூடியது. எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறினோம், எங்கே படுத்தோம் என்பதில்தான் ஆபத்து அதிகம். பொக்ராவிலிருந்து காலையில் சின்ன விமானத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத் என்று போகும் நம் யாத்திரிகர் சுமார் 800 மீட்டரிலிருந்து 3,700-க்குச் சில மணி நேரத்தில் போய்விடுகிறார். அண்ணன் பாலிசியின் 4,500 மீட்டர் எல்லையை அவர் தொடுவதே இல்லை. பொறுமையாக ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 5,000 தாண்டுகிற நடைக்காரர் எல்லைக்கு வெளியே நிற்கிறார். யாருக்கு ஆபத்து அதிகம் என்று எந்த மலை டாக்டரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார். மீட்டருக்குப் பதில் ஏறும் வேகத்தை வைத்து ஒரு ஷரத்து எழுத முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதலாம். அதை நிரூபிக்கச் சொல்லி இன்னும் நாலு கேள்வி போனில் வரும்.

கம்பெனிகள் இவ்வளவு கேள்வி கேட்பதற்கு நேபாளமும் ஒரு காரணம். 2018-ல் வெளியான ஹெலிகாப்டர் மீட்பு மோசடி நினைவிருக்கலாம். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைக்கச் சொல்லி மலையேறிகளை நெருக்குவது, ஒரே ஹெலிகாப்டரில் மூன்று நான்கு பேரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவரின் இன்ஷூரன்ஸுக்கும் முழு வாடகையைத் தனித்தனியாக அனுப்புவது, ஆஸ்பத்திரியிலிருந்து ஏஜென்சிக்குக் கமிஷன். வயிற்றைக் கெடுக்க உணவில் சமையல் சோடா கலந்தார்கள் என்ற குற்றச்சாட்டுகூட வந்தது. அரசே விசாரணைக்கு ஆள் போட்டது. சர்வதேசக் காப்பீட்டாளர்கள் நேபாளத்துக்கான கவரேஜையே நிறுத்திவிடுவோம் என்று எச்சரித்தார்கள். பெரிச்சேயில் அன்று காலை ஹெலிகாப்டர் ஏறியவர்களில் சிலர் தங்கள் பையைத் தாங்களே தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென நடந்து போனதை நானும் பார்த்தேன். அவர்களுக்கு உள்ளே என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் கிளெயிம் மேஜைக்காரன் புத்தி அதைக் குறித்துவைத்துக்கொண்டது. நிஜமாக மூச்சு முட்டுகிறவரிடம் போய் இத்தனை கேள்வி கேட்க வைத்தவர்கள், மூச்சு முட்டாமல் பறந்தவர்களும் அவர்களைப் பறக்கவிட்டுக் காசு பார்த்தவர்களும்தான்.

சுமந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக்காரர்களுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கும்புவில் சுமை தூக்குகிறவர்களில் நிறையப் பேர் ஷெர்பாக்கள் அல்ல. கீழ் மலைகளிலிருந்து பருவத்துக்கு வருகிற ராய்கள், தாமாங்குகள். அந்த உயரம் நமக்கு எவ்வளவு புதிதோ அவர்களுக்கும் அவ்வளவு புதிது, கூடவே முதுகில் நம் பை. கைவிடப்பட்ட ஓர் இளம் சுமைக்காரரின் மரணத்தைத் தொடர்ந்து 1997-ல் சர்வதேசச் சுமைக்காரர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு தொடங்கியது. கைடுக்கும் சுமைக்காரருக்கும் ஏஜென்சி காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று நேபாளத்தில் விதி இருக்கிறது. தொகை நம் பாலிசித் தொகைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. என்னைக் கேட்டால் ஏஜென்சியிடம் பணம் கட்டும்முன் நாம் கேட்க வேண்டியது அவர்கள் பாலிசியையும்தான்.

கயிலாயம் போகிறவர்களுக்கு

எவரெஸ்ட் பக்கம் போகும் தமிழர்கள் கொஞ்சம்தான். கயிலாய யாத்திரை போகிறவர்கள் அதிகம், வயதும் அதிகம். நேபாள வழியில் சிமிகோட்டுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர், எல்லை தாண்டிப் புராங், பிறகு 4,590 மீட்டரில் மானசரோவர். மேலே ஏற எடுத்துக்கொள்ளும் நாட்கள் மிகக் குறைவு. கயிலையைச் சுற்றி வரும் பரிக்கிரமாவில் தோல்மா லா கணவாய் 5,630 மீட்டர், பேஸ் கேம்ப்பைவிட உயரம். டூர் ஏற்பாட்டாளர் தரும் நோட்டீஸில் 'இன்ஷூரன்ஸ் உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஹெலிகாப்டர் மீட்பு என்று எழுதியிருந்தாலும், திபெத் பக்கம் யாத்திரிகரை எடுத்துப்போக ஹெலிகாப்டர் வராது. ஜீப்பில் எல்லை வரை இறக்கி, ஹில்சாவுக்கு வந்த பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வரும்.

2018 ஜூலையில் வானிலை மோசமாகி, யாத்திரை முடித்துத் திரும்பிய இந்தியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் மாட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். இந்தியத் தூதரகம் தலையிட்டு விமானம் விமானமாக வெளியே கொண்டுவந்தது. காப்பீட்டு மொழியில் மாட்டிக்கொள்வது நோயல்ல. மருத்துவ வெளியேற்றம் என்ற கவரேஜ் டாக்டர் கையெழுத்தில்லாமல் அசையாது. தேடல், மீட்பு என்பது தனி. தாமதத்துக்கான இழப்பீடு தனி, அதுவும் பெரும்பாலும் ஒரு ஹோட்டல் இரவுக்குக் காணாத தொகை. ஒரே வார்த்தையில் 'இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்வது உள்ளே மூன்று நான்கு சாமான்கள், எது இருக்கிறது எது இல்லை என்று பிரித்துப் பார்த்துதான் வாங்க வேண்டும். அப்பர் பெருமான் கயிலைக்குப் போன வழியில் உடம்பு தேய்ந்து விழுந்தபோது, பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பது நம் புராணம். முன் அனுமதி கேட்காத, டாலர் செலவில்லாத மருத்துவ வெளியேற்றம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மலைக்குப் போகிறேன், எந்தப் பாலிசி எடுக்கட்டும் என்று இப்போது யார் கேட்டாலும் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. போகிற வழியில் படுக்கப்போகும் அதிகபட்ச உயரத்தையும் கால் வைக்கப்போகும் அதிகபட்ச உயரத்தையும் எழுதி, இதற்கு உங்கள் பாலிசி செல்லுமா என்று மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம் என்கிறேன். ஹெலிகாப்டருக்கு முன் அனுமதி யார் தர வேண்டும், இரவு இரண்டு மணிக்கு அந்த ஆள் இருப்பாரா, பணத்தை நேரடியாக அவர்கள் கட்டுவார்களா இல்லை நாம் கட்டிப் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் தொகையைவிட முக்கியம். ஐந்து லட்சம் டாலர் கவரேஜ் என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்குகிறவர்களிடம் சொல்வேன், மலையில் அதில் ஒரு சின்னத் துண்டுதான் தேவைப்படும், ஆனால் சில மணி நேரத்துக்குள் தேவைப்படும். பிரீமியம் கூடத்தான் வரும். விமான டிக்கெட்டோடு ஒட்டி வருவதைவிடப் பல மடங்கு. பேஸ் கேம்ப் நடையின் மொத்தச் செலவில் பார்த்தால் ஒரு நல்ல ஜாக்கெட் விலை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். அவர் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 108 திவ்ய தேசங்களில் இரண்டு பூமியில் இல்லை. மிச்சமிருப்பதில் பார்க்காதது திருச்சாளக்கிராமம் மட்டும்தானாம், அதாவது முக்திநாத். முதலில் வழியைப் பேசினோம், பிறகுதான் பாலிசி. ஜோம்சோம் பக்கம் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு மேலே ஏறுங்கள், தரிசனம் முடிந்ததும் இறங்கி வந்து கீழே படுங்கள் என்றேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. மறைக்காமல் ஃபாரத்தில் எழுதச் சொன்னேன், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை. இந்தத் தடவை அண்ணன் கம்பெனிக்குத் தானே மெயில் போட்டிருக்கிறார். 3,710 மீட்டர், ஜீப் பயணம், நடை கிடையாது, செல்லுமா என்று. செல்லும், 'பாலிசி விதிமுறைகளுக்கு உட்பட்டு' என்று பதில் வந்ததாம். அந்த வாலை நறுக்கச் சொல்லி இன்னொரு மெயில் போடுங்கள், நேபாளத்திலிருந்து அடித்தால் போகிற எண் எது என்றும் அதிலேயே கேளுங்கள் என்றேன். இரண்டாவது மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை. வந்த பிறகுதான் டிக்கெட் என்று அண்ணன் உறுதியாக இருக்கிறார். அம்மா அதற்குள் சால்வை, கம்பளிக் காலுறை, குரங்குக் குல்லா எல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, என்றைக்குப் புறப்பாடு என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.